பாரம் ஏற்றினால் இழுவை இல்லை, கரும்புகை: டர்போவை மாற்ற வேண்டுமா?

டர்போவை இப்போது மாற்றாதீர்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் பாரத்தோடு போகும்போது மட்டும் இழுவை குறைந்து, கரும்புகையும் ‘உஸ்’ என்ற சத்தமும் வருகிறது என்கிறீர்கள். டர்போ எஞ்சினுக்கு அழுத்தி அனுப்பும் காற்று வழியிலேயே கசிகிறது என்றுதான் நினைக்கிறேன். டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்காததால் கரும்புகை.

எஞ்சின் ஆறியதும், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் இரண்டு ரப்பர் குழாய்களையும் கழற்றி, அடிப்பக்கத்தை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கும். குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்புகளையும் விடாதீர்கள், காசிமேட்டு உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. எல்லாம் சரியென்றால், டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய குழாயைப் பாருங்கள்.

நீலப்புகை வந்தாலோ, டர்போ சக்கரம் உறையில் உரசினாலோ வண்டியை எடுக்கவே வேண்டாம். டர்போவிலிருந்து கசியும் ஆயிலையே எரித்து எஞ்சின் கட்டுப்பாடின்றி ஓடக்கூடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது.