எதை எப்படிச் சோதிப்பது என்று படிப்படியாகச் சொல்லும் டெஸ்ட் கேஸ் எதுவும் எழுதாமல், ஒரு மென்பொருள் கிராஷ் ஆகாமல் தாங்குமா என்று எப்படிப் பார்ப்பீர்கள்?

ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதிப்பதுதான் என் வேலை. புது பில்டு (ஆப்பின் புதிய பதிப்பு) கைக்கு வந்ததும் முதலில் குரங்கை அவிழ்த்துவிடுவேன். ஆண்ட்ராய்டிலேயே இருக்கும் 'மங்கி' என்ற கருவி அது. கண்ட இடத்தில் தொடும், இழுக்கும், பட்டனை அழுத்தும். இப்படி 50,000 நிகழ்வுகள் என்று எண்ணிக்கை கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம்.

இது பழைய யோசனை. 1983இல் ஆப்பிளில் மெக்கின்டாஷ் கணினி உருவாகிக்கொண்டிருந்தபோது அங்கிருந்த புரோகிராமர் ஸ்டீவ் கேப்ஸ் இதே பெயரில் ஒன்றை எழுதினார். அந்த மெஷினுக்கு 128 கிலோபைட் மெமரிதான்; அது தீரும் நேரத்தில் மென்பொருள் என்ன செய்கிறது என்று பார்த்தாக வேண்டும். ஆனால் குரங்கு மெனுவுக்குள் போய் 'க்விட்' கொடுத்து வெளியேறிவிடும். குரங்கு ஓடுகிறது என்று புரோகிராமுக்குத் தெரிவிக்க ஒரு கொடி (ஃபிளாக் என்ற அடையாளக் குறி) வைக்கலாம் என்றார் அதே குழுவின் பில் அட்கின்சன். கொடி இருந்தால் 'க்விட்' வேலை செய்யாது. நீங்களும் 'டெலீட்', 'பணம் செலுத்து' போன்றவற்றை அடைத்துவிட்டு, சோதனைக் கணக்கில் மட்டும் ஓட்டுங்கள்.

குரங்கின் தாறுமாறான வரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணான சீட் (seed) எண்ணைக் கட்டாயம் நீங்களே கொடுத்துக் குறித்துவையுங்கள். அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசையில் நிகழ்வுகள் திரும்ப வரும். ஒருமுறை குறிக்காமல் விட்டு, கண்ணெதிரே நடந்த கிராஷை மறுபடி வரவழைக்க எனக்கு இரண்டு நாள் போனது. திரும்ப நிகழ்த்திக் காட்ட முடியாத கிராஷை டெவலப்பரிடம் கொண்டுபோய் என்ன பயன்?

குரங்குக்கு எட்டாதவற்றைக் கையால் செய்வேன். படிவம் பாதி நிரப்பியிருக்கும்போது போனைத் திருப்புவது, சேமிக்கும் நொடியில் 'ஃபோர்ஸ் ஸ்டாப்' கொடுத்து ஆப்பை வலுக்கட்டாயமாக நிறுத்துவது, ஸ்டோரேஜை நிரப்பிவிட்டுப் படம் எடுப்பது. போன் செட்டிங்ஸின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில், விட்டுப் போன திரையை உடனே அழித்துவிடும் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' போட்டுவிட்டு ஆப் மாறி ஆப் போய் வாருங்கள். நான் பார்த்தவரை அதிகக் கிராஷ்கள் சிக்குவது இங்கேதான்.

அப்புறம் எழுத்து. 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோன் ஆப்களை வரிசையாகக் கிராஷ் ஆக்கியது, ஐஓஎஸ் 11.2.6இல் ஆப்பிள் அதைச் சரிசெய்தது. நம் மொழிகளின் எழுத்துகளை யாரும் போதுமான அளவு சோதிப்பதில்லை என்பது எனக்கு உறைத்தது அன்றுதான். பெயர் எழுதும் கட்டம் எங்கே இருந்தாலும் 'ஸ்ரீ', 'க்ஷ', தெலுங்கு, மலையாளம், ஈமோஜி எல்லாவற்றையும் கலந்து ஆயிரம் எழுத்தாவது ஒட்டிப் பார்த்துவிடுகிறேன்.