ஜோனா லோமுன்னா அந்த ஒரு வீடியோ மட்டும்தானா, அதுக்கு மேல என்ன சாதிச்சாரு?

நீங்க சொல்ற வீடியோ, நியூசிலாந்து ரக்பி வீரர் லோமு 1995 ஜூன் 18, கேப் டவுன்ல ஆடுன ரக்பி உலகக்கோப்பை அரையிறுதி. இங்கிலாந்து ஃபுல்பேக் (கடைசி ஆளா பின்னாடி நிக்கிறவர்) மைக் காட் குறுக்க வர்றாரு, லோமு ஒதுங்கக்கூட இல்ல, நேரா அவர் மேலயே ஏறி மிதிச்சிட்டுப் போய் ட்ரை வைக்கிறாரு, அதாவது எதிரணி கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தைத் தரையில வச்சு பாயிண்ட் எடுக்குறாரு. அன்னைக்கு மட்டும் நாலு ட்ரை, 45-29ன்னு நியூசிலாந்து ஜெயிச்சுது. மனுஷனுக்கு அப்போ வயசு 20. பாக்க மாஸ்தான், இல்லங்கல, ஆனா என்னைக் கேட்டா அவரோட பெரிய விஷயமே அதுக்கு அப்புறம் நடந்ததுதான்.

முதல்ல அது ஏன் அவ்ளோ பேசப்பட்டுச்சுன்னு சொல்லிடுறேன். விங்ல, அதாவது மைதானத்தோட ஓரத்துல ஆடுறவங்க பொதுவா சின்ன உடம்பு, வேகமா ஓடுவாங்க. கனமானவங்க எல்லாம் ஃபார்வர்ட்ல, முன்னாடி முட்டி மோதுற கூட்டத்துல இருப்பாங்க. லோமு ஆறரை அடிக்குக் கிட்ட உயரம், 115 கிலோவுக்கு மேல எடை, ஸ்கூல்ல ஃபார்வர்டா ஆடுனவரு, ஆனா ஓடுனா விங்கர் வேகம். அவரை அப்படியே கொண்டுபோய் 11ஆம் நம்பர் சட்டையைப் போட்டு ஓரத்துல நிறுத்திட்டாங்க. எதிர்ல நிக்கிறவன் என்னதான் பண்ணுவான்?

டோங்கா நாட்டுக் குடும்பம், வளர்ந்தது தெற்கு ஆக்லாந்து, கஷ்டமான ஏரியா. 1994-ல 19 வயசுல ஆல் பிளாக்ஸுக்கு (நியூசிலாந்து தேசிய டீம்) முதல் டெஸ்ட், பிரான்ஸ் கூட. ரக்பில டெஸ்ட்னா நாட்டுக்கு நாடு ஆடுற மேட்ச். ரெண்டு டெஸ்டுமே தோல்வி, பிரான்ஸ்காரங்க அவர் நிக்கிற இடத்துல இருந்த ஓட்டையை நல்லா யூஸ் பண்ணிக்கிட்டாங்க, உடனே டீம்ல இருந்து தூக்கிட்டாங்க. 95 உலகக்கோப்பைக்குக்கூட ஃபிட்னஸ் பத்தலன்னு சந்தேகத்தோடதான் எடுத்தாங்க.

அந்த ஃபிட்னஸ் விஷயம்தான் இப்ப யோசிச்சா ஒரு மாதிரி இருக்கு. ஏன்னா அந்த வருஷக் கடைசியிலயே அவருக்கு நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம்னு கண்டுபிடிச்சாங்க. கிட்னி வடிகட்ட வேண்டியதை வடிகட்டாம உடம்புல இருக்குற புரோட்டீன் எல்லாம் யூரின்ல போயிடும், கை கால் வீங்கும், சும்மா இருந்தாலே அசதியா இருக்கும். இதை வச்சுக்கிட்டு 80 நிமிஷம் ரக்பி! 97-ல பல மாசம் ஆடவே முடியல, திரும்பி வந்து 98 கோலாலம்பூர் காமன்வெல்த் கேம்ஸ்ல செவன்ஸ் (ஏழு பேர் ஆடுற ரக்பி) தங்கம், 99 உலகக்கோப்பைல எட்டு ட்ரை. மொத்தம் 63 டெஸ்ட், 37 ட்ரை, அதுல பெரும்பாலானது நோய் தெரிஞ்சதுக்கு அப்புறம் ஆடுனது. முழு ஆரோக்கியத்தோட இருக்குற லோமு எப்படி ஆடியிருப்பாருன்னு நாம பாக்கவே இல்லங்குறது என் கருத்து.

குறையும் இருக்கு. உலகக்கோப்பை ஜெயிச்சதே இல்ல, 95 ஃபைனல் தென்னாப்பிரிக்கா கிட்ட எக்ஸ்ட்ரா டைம்ல 15-12ன்னு போச்சு. தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா கடைசி வரைக்கும் ஒரு ட்ரைகூட வைக்கல, அவனுங்க மட்டும் எப்படியோ அவரைக் கட்டிப்போட்டுட்டானுங்க.

2002-ல கடைசி டெஸ்ட். அடுத்த வருஷமே டயாலிசிஸ், கால் நரம்பெல்லாம் பாதிச்சு நடக்குறதே கஷ்டம்ங்குற நிலைமை. 2004-ல கிராண்ட் கெரீமாங்குற ரேடியோ அறிவிப்பாளர் தன்னோட கிட்னில ஒண்ணைக் குடுத்தாரு. அதோட ஒக்காந்துருவாருன்னு பாத்தா 2005-ல கார்டிஃப் ப்ளூஸ்ங்குற வேல்ஸ் கிளப்புக்கு ஆடப் போயிட்டாரு! பழைய வேகம் இல்லதான், ஆனா மாத்துன கிட்னியோட இப்படி மோதி ஆடுற விளையாட்டு ஆடுறதுக்கு என்ன தைரியம் வேணும். 2011-ல அந்தக் கிட்னியும் போச்சு, மறுபடி டயாலிசிஸ், 2015 நவம்பர் 18 ஆக்லாந்துல இறந்தாரு, 40 வயசு.

எனக்குக் கோவம் வர்ற இடம் ஒண்ணு இருக்கு. 95 ஜூன்ல மீடியா முதலாளி ரூபர்ட் மர்டோக்கோட கம்பெனி ரக்பிக்கு 555 மில்லியன் டாலர் டிவி ஒப்பந்தம் போட்டுச்சு, ஆகஸ்ட்லயே ரக்பி அதிகாரப்பூர்வமா ப்ரொஃபஷனல் ஆச்சு, அதாவது வீரர்கள் சம்பளம் வாங்கலாம்னு ஆச்சு, அந்த நேரத்துல உலகத்துக்கே தெரிஞ்ச ரக்பி முகம் இவர் ஒருத்தர்தான். அவர் போனப்போ ரெண்டு சின்னப் பசங்களுக்குன்னு பெருசா எதுவும் இல்லாம, வீரர்கள் சங்கம் டிரஸ்ட் ஆரம்பிச்சு நிதி சேர்க்க வேண்டியதாயிடுச்சு.

ஒரே மேட்ச் பாக்க டைம் இருக்குன்னா இங்கிலாந்து மேட்ச் வேணாம், 2000 ஜூலை சிட்னி மேட்ச் தேடிப் பாருங்க. ஆஸ்திரேலியா கூட, 1,09,874 பேர் கூட்டம், நியூசிலாந்து ஆரம்பத்துலயே 24-0, ஹாஃப் டைம்ல 24-24, கடைசி நிமிஷங்கள்ல லோமு மைதான ஓரக் கோட்டை ஒட்டியே ஓடி ட்ரை வச்சு 39-35. முழுசா பாருங்க, ஹைலைட்ஸ் பாத்துட்டு வந்து என்கிட்ட சண்டை போடாதீங்க.