எந்தப் பிடியைப் பழகலாம்?

கேள்வி: அண்ணா, 'டெக்கன் 7' சண்டை வீடியோ கேமில் கிங் என்ற வீரரை வைத்து ஆடுகிறேன். எந்த த்ரோக்களை, அதாவது எதிராளியைப் பிடித்து வீழ்த்தும் பிடிகளை, பழகலாம்?
– ஒரு வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: முதலில் ஜெயன்ட் ஸ்விங், மசில் பஸ்டர் என்ற இரண்டு பிடிகள் போதும், தம்பி. ஜெயன்ட் ஸ்விங்கை உடைக்க, அதாவது அதிலிருந்து தப்பிக்க, எதிராளி இடது குத்து பட்டனைத் தட்ட வேண்டும். மசில் பஸ்டருக்கு இரண்டு குத்து பட்டன்களையும் சேர்த்துத் தட்ட வேண்டும். அதற்கு அவருக்குக் கிடைக்கும் நேரம் 20 பிரேம் (திரையில் ஓடும் 20 படங்கள்), அதாவது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. எந்தப் பிடி என்று தெரிய, கிங் நீட்டுவது ஒரு கையா (ஜெயன்ட் ஸ்விங்), இரண்டு கையா (மசில் பஸ்டர்) என்று அதற்குள் அவர் பார்த்தாக வேண்டும். அதனால் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் அத்தை மகனிடம் ஜெயன்ட் ஸ்விங்கையே மூன்று தடவை போட்டேன், மூன்றையும் உடைத்துவிட்டான். அன்றைக்குத்தான் எனக்கு இது உறைத்தது. அப்புறம், இந்தப் பிடிகள் குனிந்தவரைத் தொடாது. எதிராளி பயந்து குனிகிறாரா? சரி, குனிந்தவர் மேலும் படும் நடு உயர அடியைக் கொடுங்கள்.