கிளட்சை நானே மாற்றினால் எவ்வளவு மிச்சம்?

கேள்வி: ஈரோட்டில் இருக்கிறேன். பெருந்துறை சிப்காட்டில் வேலை, கைக்கு வரும் சம்பளம் 41,000 ரூபாய். 2013 மாடல் மாருதி வேகன் ஆர் வைத்திருக்கிறேன், 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சில வாரங்களாக கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் மாற்ற 15,500 ரூபாய் சொன்னார்கள். வீட்டுப் பக்கத்து ஷெட்டில் ஸ்பேர் பார்ட்ஸோடு சேர்த்து 9,500, அதில் லேபர் மட்டும் 3,500. ஆயில், பிரேக் பேட் எல்லாம் நானே மாற்றிப் பழக்கம் உண்டு. யூடியூபில் வீடியோக்கள் பார்த்த தைரியத்தில், டூல்ஸ் வாங்கி கிளட்சையும் வீட்டிலேயே மாற்றலாம் என்று நினைக்கிறேன். லேபர் மிச்சம், டூல்ஸும் நமக்கே. டூல்ஸை கிரெடிட் கார்டில் நோ காஸ்ட் இஎம்ஐயில் எடுக்கலாமா? கார்டில் ஏற்கெனவே 38,000 பாக்கி இருக்கிறது, மாதம் 4,000 கட்டி வருகிறேன். சேமிப்புக் கணக்கில் இருக்கும் 62,000-ஐ அவசரத்துக்கென்று தொடாமல் வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ், இந்தக் காரில்தான் கூட்டிப் போகிறோம். ஆட்டோ என்றால் போய்வர 500 ஆகிறது. வாடகை வீடு, முன்னால் சிமெண்ட் தளம் இருக்கிறது.

பதில்: டூல்ஸ் வாங்குவதற்கு முன்னால், செலவே இல்லாத ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். உங்கள் வண்டியில் கிளட்ச் கேபிளில்தான் இயங்குகிறது. பெடலை விரலால் அழுத்தினால் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் இறங்க வேண்டும். அந்த பிளே அறவே இல்லையென்றால், நீங்கள் காலை எடுத்த பிறகும் கேபிள் கிளட்சைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். தேயாத கிளட்சும் அப்போது ஸ்லிப் ஆகும். வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள அளவுக்குக் கேபிளைத் தளர்த்திவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத சாலையில் நான்காவது கியரில் 40, 50 வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்திப் பாருங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் எகிறி, வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. 92,000 கிலோமீட்டர் என்பதால் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் பார்த்துவிட்டே செலவுக்குப் போங்கள்.

பிளேட்தான் போயிருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குக்கு வருவோம்.

நீங்கள் பார்த்த வீடியோக்களில் பல அமெரிக்காவில் எடுத்தவையாக இருக்கும். அங்கே ஒர்க்‌ஷாப்பில் ஒரு மணி நேர லேபரே 100 டாலரைத் தாண்டும். கிளட்ச் மாற்ற ஆறேழு மணி நேரம் என்று போட்டால் கூலி மட்டும் 600, 700 டாலர். அந்தக் காசுக்கு நல்ல டூல்ஸாக வாங்கி, வேலையையும் முடித்து, மீதியும் வைத்துக்கொள்ளலாம். அவர்கள் ஊரில் அது புத்திசாலித்தனமான முடிவு. நம் ஊரில் நிலைமை தலைகீழ். மெக்கானிக்கின் கூலி குறைவு, டூல்ஸ் விலை அதோடு ஒப்பிட்டால் அதிகம். உங்களிடம் சாதாரண ஸ்பேனர் செட் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் ஒரு டிராலி ஜாக்கி சுமார் 4,000, ஜாக் ஸ்டாண்ட் ஒரு ஜோடி 1,800, போல்ட்டைச் சரியான அளவு இறுக்கத்துக்கு முடுக்கும் டார்க் ரெஞ்ச் 2,500, ஆக்ஸில் நட்டைக் கழற்றும் பெரிய சாக்கெட்டோடு ஒரு சாக்கெட் செட் 3,000, புது பிளேட்டை நடுவில் சரியாக உட்கார வைக்கும் அலைன்மென்ட் டூல் 500. மொத்தம் 11,800. லேபரில் 3,500 மிச்சம் பிடிக்க 11,800 செலவு.

டூல்ஸ் நமக்கே என்கிறீர்கள், சரி. ஜாக்கியும் ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் பிரேக் வேலைக்கும் ஆகும், வீணாகாது. ஆனால் கிளட்ச் வேலை உங்களுக்கு அடுத்து எப்போது வரும்? இன்னொரு 80,000, 90,000 கிலோமீட்டர் கழித்து. 2028-இல் இந்த வண்டிக்கு 15 வருடம் முடிந்து, பதிவைப் புதுப்பிக்க வேண்டிவரும். இதே வண்டியில் இரண்டாவது முறை நீங்கள் கியர்பாக்ஸ் இறக்குவீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிரேக் பேடும் கிளட்சும் ஒரே ரக வேலையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பேட் மாற்றும்போது ஏதாவது சிக்கினால், கழற்றியதைத் திரும்ப மாட்டிவிட்டு மெக்கானிக்கிடம் ஓட்டிப் போகலாம். கிளட்சுக்கு பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், கேபிள்கள் எல்லாம் கழற்றி, கியர் ஆயிலை வடித்து, இரண்டு பக்கமும் ஆக்ஸிலை உருவி, எஞ்சினுக்குக் கீழே முட்டுக் கொடுத்து, மவுண்டிங்கை விட்டு, கியர்பாக்ஸைக் கீழே இறக்க வேண்டும். அது 25 கிலோ அரிசிச் சிப்பத்தைவிடக் கனம், பிடித்துத் தூக்க வாகான இடமும் கிடையாது. இறக்குவதைவிடத் திரும்ப ஏற்றுவதுதான் கஷ்டம். கியர்பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்டை பிளேட்டின் நடு ஓட்டைக்குள் நேராக விட வேண்டும். கை வலிக்கிறதென்று கியர்பாக்ஸின் பாரத்தை அந்த ஷாஃப்டிலேயே தொங்கவிட்டால் புது பிளேட் கோணிவிடும். சேராமல் நிற்கும்போது போல்ட்டை முடுக்கி இழுத்துச் சேர்க்கப் பார்த்தால் அலுமினிய ஹவுசிங் விரிசல் விடும். பிளேட்டைத் திருப்பி மாட்டுவது முதல் முறை செய்பவர்களிடம் அடிக்கடி நடப்பது. எல்லாவற்றையும் பூட்டி முடித்து பெடலை மிதிக்கும்போதுதான் அது தெரியும். தெரிந்ததும் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும்.

பாதியில் நின்றுபோனால் வண்டியைக் கட்டி இழுத்துப் போக வேண்டும், அதற்கு 1,500, 2,000 ஆகும். வேறொருவர் பிரித்துப் போட்ட வண்டியைச் சேர்க்க மெக்கானிக் கூடுதலாகத்தான் கேட்பார், அது நியாயமும்கூட. மோட்டார் காப்பீடு இதில் எதற்கும் கைகொடுக்காது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் பாலிசியில் வெளிப்படையாகவே விலக்கப்பட்டவை.

பாலிசியைப் பற்றிய பேச்சு வந்ததால், பலரும் கவனிக்காத ஒன்று. கார் பாலிசியோடு உரிமையாளர்-ஓட்டுநருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதே, அது நீங்கள் வண்டி ஓட்டும்போதும், ஏறும்போதும், இறங்கும்போதும் நடக்கும் விபத்துக்குத்தான். வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கும்போது நடப்பதற்கு அது வராது. வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் ஒரு நிமிடம்கூடக் காருக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்ட் போட்டிருந்தாலும் போல்ட்டை முழு பலத்தோடு இழுக்கும்போது வண்டி ஆடும். உங்கள் ஒரு சம்பளத்தை நம்பி வீடு இருக்கிறது. கிளட்ச் யார் மாற்றினாலும் சரி, தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்து வையுங்கள். வங்கிக் கணக்கு வழியாகவே சேரக்கூடிய பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் ஆண்டுக்கு 20 ரூபாய்தான், விபத்தில் உயிரிழந்தால் 2 லட்சம் தருகிறது. உங்கள் குடும்பத்துக்கு அது போதாது, ஆனால் அதையாவது இன்றைக்கே செய்யலாம்.

இப்போது கார்டு. உண்மையில் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இதுதான். 3,500 ரூபாய் லேபரைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறீர்கள். 38,000 பாக்கியை ஒரு வரியில் கடந்து போய்விட்டீர்கள். கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் 1,330 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஏறக்குறைய 240. ஆக மாதம் 1,570. நீங்கள் கட்டும் 4,000-இல் அசல் குறைவது 2,430 மட்டுமே. இரண்டேகால் மாத வட்டியில் அந்த லேபர் காசு போய்விடுகிறது. இப்படியே கட்டிக்கொண்டு போனால், புதிதாக எதுவும் வாங்காவிட்டாலும், கடன் தீர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வட்டி மட்டும் 11,000 ரூபாய்க்குக் கிட்ட வரும். ஷெட்டில் கிளட்ச் மாற்றும் மொத்தச் செலவைவிட அது அதிகம்.

மறுபக்கம், சேமிப்புக் கணக்கில் கிடக்கும் 62,000-இல் 38,000-க்கு வங்கி தருவது 2.5 சதவீதத்தில் ஆண்டுக்கு 950 ரூபாய். ஒரு கையில் வருடத்துக்கு 950 வாங்கிக்கொண்டு இன்னொரு கையில் மாதம் 1,570 கொடுக்கிறீர்கள். அதனால் கார்டு பாக்கியை முழுவதும் சேமிப்பிலிருந்து கட்டிவிடுங்கள். ஒரு ரூபாய்கூட மிச்சம் வைக்காமல், ஸ்டேட்மென்ட் தேதிக்குப் பிறகு சேர்ந்த வட்டியையும் கேட்டுக் கட்டுங்கள்.

அவசரப் பணம் கரைகிறதே என்ற பயம் வரும், அப்பாவின் உடல்நிலையில் அந்தப் பயம் நியாயமானது. கணக்கைப் பாருங்கள். 62,000-இல் கார்டுக்கு 38,000, கிளட்சுக்கு 9,500 போனால் கையில் 14,500. இதுவரை கார்டுக்குப் போன 4,000-ஐ அதே தேதியில் மாதாமாதம் சேமிப்பில் போட்டால் 12 மாதத்தில் 48,000 சேர்ந்து 62,500 ஆகிவிடும். இன்றைக்கு இருக்கும் இடத்துக்கே, கடனில்லாமல் வந்து நிற்பீர்கள். இடையில் ஆஸ்பத்திரிச் செலவு திடீரென்று வந்தால், காலியான கார்டு கையில் இருக்கிறது. பாக்கி இல்லாத கார்டில் வட்டியில்லாத நாட்கள் கிடைக்கும். பாக்கி உள்ள கார்டில் அந்தச் சலுகையே கிடையாது, இன்று வாங்கும் பொருளுக்கு இன்றிலிருந்தே வட்டி ஓடும்.

டூல்ஸை நோ காஸ்ட் இஎம்ஐயில் எடுக்கலாமா என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. வேண்டாம். பெயர்தான் நோ காஸ்ட். வட்டிக்குச் சமமான தொகையை விலையில் தள்ளிக் கொடுத்துவிட்டு, அந்த வட்டிக்கான ஜிஎஸ்டியை உங்களிடம் வாங்குவார்கள், பல வங்கிகள் ப்ராசஸிங் கட்டணமும் போடும்.

சரி, 9,500-ஐ எப்படி நல்லபடியாகச் செலவழிப்பது? சர்வீஸ் சென்டருக்கும் ஷெட்டுக்கும் 6,000 வித்தியாசம். 12 வயது தாண்டிய வண்டிக்கு, மற்ற வாடிக்கையாளர்கள் நல்லவிதமாகச் சொல்லும் ஷெட்டே போதும் என்பது என் கருத்து. ஆனால் 9,500-இல் என்னென்ன வருகிறது என்று எழுதி வாங்குங்கள். கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும் புதிதாக இருக்க வேண்டும். பேரிங் நன்றாகத்தானே இருக்கிறது என்று பழையதையே போட்டு சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கூலி கொடுப்பது கியர்பாக்ஸை இறக்கி ஏற்றத்தான். பேரிங் ஆறு மாதத்தில் சத்தம் போட்டால் அதே 3,500-ஐ மறுபடி கொடுக்க வேண்டும். எஞ்சின் ஆயில் கிளட்ச் பக்கம் கசியாமல் தடுக்கும் கிராங்க் ஆயில் சீலும் அப்படித்தான். பழைய பிளேட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஸ்லிப் ஆனதற்கு அந்தக் கசிவே காரணமாக இருக்கலாம். சீலை மாற்றாமல் புது பிளேட் போட்டால் அதுவும் எண்ணெயில் நனைந்து போகும். கிளட்ச் பிளேட் ஒட்டிச் சுழலும் எஞ்சின் பக்கத்துச் சக்கரமான ஃபிளைவீலில் நீலம் பாய்ந்த தடமோ விரிசலோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதைக் கடைந்து சமன் செய்ய லேத்துக்கு அனுப்ப வேண்டி வந்தால் கூடுதலாக ஒரு ஆயிரம் ஆகும் என்று ஒதுக்கி வையுங்கள்.

கிளட்ச் செட்டை நீங்களே மாருதியின் அதிகாரப்பூர்வ பார்ட்ஸ் கடையில் பில்லோடு வாங்கிக் கொடுப்பதும் ஒரு வழி, போலி சரக்கு பயம் இருக்காது. முதலில் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வாடிக்கையாளர் கொண்டுவந்த பார்ட்ஸுக்கு சிலர் பொறுப்பேற்க மாட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், முன்பு பெரும்பாலானவற்றுக்கு 28 இருந்தது. பழைய வரியில் பில் போடுகிறார்களா என்று பாருங்கள்.

நீங்களே வேலை செய்ய வேண்டும் என்ற ஆசையை நான் குறைத்து மதிக்கவில்லை. பேட் மாற்றத் தெரிந்தவர் கிளட்சையும் கற்றுக்கொள்ள முடியும். ஆனால் வாரம் இரண்டு முறை அப்பாவைச் சுமக்கும் வண்டி முதல் பாடத்துக்கு ஏற்றதல்ல. முதல் முறை செய்பவருக்கு இரண்டு வார இறுதிகள் சுலபமாகப் போகும், இடையில் வண்டி ஸ்டாண்டில் நிற்கும். ஷெட்டில் கியர்பாக்ஸ் இறங்கும் அன்று ஒரு நாள் விடுப்பு போட்டுப் பக்கத்திலேயே நின்று பாருங்கள், சின்ன ஷெட்களில் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கி, எப்படித் தேய்ந்திருக்கிறது என்றும் கேளுங்கள். ஜாக்கியும் ஸ்டாண்டும், கார்டு தீர்ந்த பிறகு, ரொக்கமாக வாங்குங்கள்.

இன்னொரு சின்னக் கணக்கு. 9,500 ரூபாயை 92,000 கிலோமீட்டருக்குப் பிரித்தால் கிலோமீட்டருக்குப் பத்து பைசா. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் கிளட்சுக்கு மாதம் நூறு ரூபாய்தான். டயர், பேட்டரி, இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாவற்றையும் சேர்த்து மாதம் 1,500 ரூபாய் தனி ஆர்டியில் (வங்கியில் மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட முடிந்தால், அடுத்த முறை இப்படி ஒரு கொட்டேஷன் வரும்போது கார்டைத் தேட வேண்டியிருக்காது. 4,000-ஐச் சேமிப்பில் போடுவதோடு இதையும் இப்போதே தொடங்க முடியாவிட்டால், ஆறு மாதம் கழித்துத் தொடங்குங்கள்.

கிளட்ச் மாற்றும் வரை ஸ்லிப் ஆகும் வண்டியை நாள் கணக்கில் ஓட்டாதீர்கள். சூட்டில் ஃபிளைவீலும் கெட்டுப்போகும், நடுவழியில் நின்றால் அப்பாவோடு நிற்க வேண்டிவரும். மெக்கானிக்கிடம் முன்கூட்டியே பேசி பார்ட்ஸைத் தயாராக வைக்கச் சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்ததும் சாயங்காலம் வண்டியை ஷெட்டில் விடுங்கள். புதனும் வியாழனும் முழுசாக மெக்கானிக்குக் கிடைக்கும். லேத் வேலை சேர்ந்து வெள்ளிக்குத் தள்ளிப்போனால் ஆட்டோவுக்கு 500-ஐ இந்தச் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், அவசரப்படுத்தி வண்டியை எடுக்க வேண்டாம்.