மைக்கேல் ஜாக்சனின் ‘மூன்வாக்கர்’ ஒரு படமா, வெறும் தற்புகழ்ச்சியா?

நண்பர்களைக் கூட்டிவைத்துப் போட்டதாகவும், பாதிப்பேர் அரை மணி நேரத்தில் எழுந்து போய்விட்டதாகவும், மீதிப்பேர் கடைசிவரை கைதட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். யார் பக்கம் நியாயம் என்பது உங்கள் கேள்வி. உங்களுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது என்று நினைக்கிறேன். கைபேசியில் துண்டு துண்டாகப் பார்த்த ஆட்டங்களை நம்பி முழுப்படத்துக்கு ஆட்களை அழைத்திருப்பீர்கள். இதே சண்டை எங்கள் வீட்டில் 1991 இல் நடந்தது. அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எழுந்து போனவர்களுக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன். தற்புகழ்ச்சிதான், மறுக்க முடியாது. 93 நிமிடப் படம். தொடக்கத்திலேயே மேடையில் அவர் பாடுகிறார், கீழே இரசிகர்கள் அழுது மயங்கி விழுகிறார்கள், அவர்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பிறகு சிறு வயதிலிருந்து அவர் பாடியவற்றின் தொகுப்பு. பிறகு களிமண் பொம்மைகள் துரத்துகின்றன. கதை என்று ஒன்று வருவதற்குள் கிட்டத்தட்ட பாதிப்படம் கழிந்துவிடுகிறது. அந்தக் கதையிலும் உலகத்துக் குழந்தைகளையெல்லாம் போதைக்கு அடிமையாக்க நினைக்கும் வில்லனை எதிர்த்து இவர் காராக மாறுகிறார், இயந்திர மனிதனாக மாறுகிறார், விண்கலமாகவும் மாறுகிறார். அந்தப் பகுதியை இயக்கிய கொலின் சில்வர்ஸ் ‘சூப்பர்மேன்’ படத்தின் தந்திரக் காட்சிகளுக்காக ஆஸ்கார் பெற்றவர். அப்படியிருந்தும் இயந்திர மனிதன் வரும் இடம் எனக்கு அலுப்பாகவே இருக்கிறது. ஐரோப்பாவில் 1988 இல் திரையரங்குகளில் ஓடிய படம், அமெரிக்காவில் திரையரங்குக்கே வராமல் 1989 ஜனவரியில் நேரடியாக வீடியோவாக வெளிவந்தது.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

1990 இல் போர் மீண்டும் தொடங்கியதும் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போனது. அந்த ஆண்டின் கடைசியில் அம்மா, அக்கா, நான் மூவரும் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், சித்தப்பா வாடகைக்கு எடுத்திருந்த, ஒரு வீட்டோடு ஒட்டிய சிறு பகுதியான அனெக்ஸில் ஒட்டிக்கொண்டோம். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினான்கு. அக்கா ஆறு ஆண்டுகள் பரதநாட்டியம் படித்தவள். ஆசிரியை ஊரிலேயே தங்கிவிட்டார். சலங்கையும் அங்கேதான் இருந்தது. கொழும்பில் வகுப்புக்கு அனுப்ப அம்மாவிடம் பணம் இல்லை. அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

முன்வீட்டில், வீட்டுக்கார மாமியிடம் தொலைக்காட்சியும் வீடியோ டெக்கும் இருந்தன. ஒரு சனிக்கிழமை சித்தப்பாவின் நண்பர் ‘மூன்வாக்கர்’ வீடியோ கொப்பியை வாடகைக்கு எடுத்துவந்தார். பத்துப்பேர் உட்கார்ந்தோம். ரயில் போகும்போதெல்லாம் சத்தம் கேட்காது. ரயில் போய் முடியும் வரை படத்தை நிறுத்திவைப்போம். அரை மணி நேரத்தில் சித்தப்பா எழுந்துவிட்டார். “தன்னைத் தானே கும்பிடுகிறவனை நாங்கள் வேறு கும்பிட வேண்டுமா?” என்றார். அவரோடு நாலுபேர் போனார்கள். மாமி களிமண் முயலுக்காக இருந்தார். நான் வில்லனுக்குப் பயந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அக்கா மட்டும் முன்னால் நகர்ந்து நகர்ந்து போய்க்கொண்டிருந்தாள். ‘ஸ்மூத் கிரிமினல்’ பாட்டில் வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஜாக்சன் அந்த விடுதிக்குள் நுழைந்து, மற்ற ஆட்டக்காரர்களோடு சேர்ந்து, உடம்பை வளைக்காமல் பலகை போல முன்னுக்குச் சாய்வாரே, அந்த இடத்தில் ‘நிறுத்துங்கள்’ என்று கத்தினாள். டெக்கை நிறுத்தினார்கள். படம் கோடு கோடாக நடுங்கியது. என் பள்ளிக்கூடப் பையிலிருந்து கணிதப் பெட்டியை எடுத்து, பாகைமானியைத் திரைக் கண்ணாடியில் வைத்தாள். கண்ணாடியின் மின்னூட்டத்தில் அவளுடைய முன்மயிர் எழும்பி நின்றது. “நாற்பத்தைந்து” என்றாள். பிறகு பரதத்தில் முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டியில் இருந்து பார்த்தாள், நிமிர்ந்து நின்று சாய்ந்து பார்த்தாள். ஒரு சாண் சாய்வதற்குள் கால் தானாகவே முன்னுக்கு வந்தது. “இப்படிச் சாய்ந்தால் மனிதன் விழத்தான் வேண்டும். எதுவோ அவரைப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தத் தோள்களையும் கழுத்தையும் பாருங்கள், அவற்றை எதுவும் பிடிக்கவில்லை. அதெல்லாம் பயிற்சி.” பதினான்கு வயதுப் பிள்ளை சொன்னது இது. ஒருவரும் நம்பவில்லை. தந்திரம் என்றால் எல்லாமே தந்திரம், இல்லையென்றால் எல்லாமே தெய்வச் செயல் என்றுதான் அங்கே இருந்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்.

படப்பிடிப்பில் கம்பி கட்டித்தான் சாய்ந்தார்கள் என்பது பிற்காலத்தில் எல்லோருக்கும் தெரியவந்தது. மேடையில் அதையே செய்வதற்காக, தரையிலிருந்து எழும்பும் ஆணியில் குதிகாலைக் கொளுவிக்கொள்ளும் சப்பாத்துக்கு அவரும் இன்னும் இருவரும் 1993 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். அக்கா சொன்னது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. இதைப் பெருமையோடு எழுதுகிறேன், எழுதத்தான் செய்வேன்.

அதனால் என் பதில் இது: தன்னை வியக்கும் மனிதன் எடுத்த படம்தான், ஆனால் அந்த ஆட்டம் வரும் நிமிடங்களில் அவர் தன்னை மறந்து, தனக்கு முன்னே ஆடியவரை வணங்குகிறார். அந்த வெள்ளை உடுப்பும் தொப்பியும் அமெரிக்க நடன நடிகர் பிரெட் அஸ்டெயர் 1953 இல் ஒரு படத்தில் ஆடியதிலிருந்து வந்தவை. 1988 இல் வெளிவந்த தன் வாழ்க்கைக் கதையையும் அவருக்கே காணிக்கையாக்கினார்.

இதற்குக் கீழே என்ன எழுதப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். சிறுவர்களிடம் தவறாக நடந்தார் என்று ஜாக்சன்மீது பின்னாளில் எழுந்த குற்றச்சாட்டுகளை மறைக்கிறேன் என்பார்கள். மறைக்கவில்லை. 2005 இல் நீதிமன்றம் விடுவித்தது என்பதும் தெரியும், அதன் பிறகும் பேச்சு ஓயவில்லை என்பதும் தெரியும். அவர் குழந்தைகளோடு புல்வெளியில் ஓடும் காட்சியை என்னாலும் இப்போது பழையபடி பார்க்க முடியவில்லை. நான் எழுதுவது அந்த ஆட்டத்தைப் பற்றி. ‘அகதியாக வந்த இடத்தில் ஆங்கிலப் பாட்டு கேட்டதா?’ என்று கேட்பவர்களும் இருப்பார்கள். ஊரில் பட்டதை ஒரு பிள்ளை ஒன்றரை மணி நேரம் மறந்திருந்தது யாருக்கும் நட்டமில்லை.

அக்கா மறுநாள் முழுவதும் அந்த இடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டு, நாடா சுருங்கிவிட்டது. கடைக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. மாமி அதற்கும் கோபிக்கவில்லை. சிவப்பு மெழுகு பூசித் துடைத்த தன் விறாந்தையை அவளுக்குத் திறந்துவிட்டார். பின்னேரங்களில் அங்கேதான் ஆடினாள்.

இப்போது அதே வெள்ளவத்தையில் எனக்குச் சொந்தமாக ஒரு தொடர்மாடி வீடு இருக்கிறது. பள்ளிக்கூட விழாவுக்காக என் மகள் நடைபாதையில் பத்து நிமிடம் ஆடினாள். கீழ்மாடியிலிருந்து முறைப்பாடு, அடுத்த நாள் நிர்வாகக் குழுவின் கடிதம். வாகனத் தரிப்பிடத்தில் ஓடக்கூடாது, மொட்டைமாடிக்குப் பூட்டு. இத்தனை மாடி கட்டியவர்கள் ஒரு பிள்ளை குதிப்பதற்குப் பத்தடி இடம் விடவில்லை. மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டிவிட்டு, ‘மெல்ல நட, மெல்ல நட’ என்று நானே என் பிள்ளையை அடக்கவேண்டியிருக்கிறது. வாடகைக்கு வந்த அந்நியரின் பிள்ளைக்கு அன்று கிடைத்தது, சொந்த வீட்டுப் பிள்ளைக்கு இன்று இல்லை. கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எழுந்து போன நண்பர்களை மறுபடியும் கூப்பிடுங்கள். முழுப்படமும் வேண்டாம். அவர் சுண்டிவிடும் நாணயம் அறையைக் கடந்து பாட்டுப்பெட்டிக்குள் போய் விழும் இடத்திலிருந்து போடுங்கள். காலைப் பார்க்க வேண்டாம், தோளைப் பார்க்கச் சொல்லுங்கள்.