விசிறி ஏன் அலறுகிறது? லெப்டொப் சூடு பற்றிய கேள்வி பதில்

ஹட்டன் டவுனில் பதினான்கு வருடமாக லெப்டொப் திருத்துகிறேன். முன்பு வந்தவை ஒபிஸ் வேலைக்கான சின்ன மெஷின்கள். இப்போது கேமிங், வீடியோ எடிட்டிங், கட்டட வரைபடம் என்று கனமான மெஷின்களே அதிகம் வருகின்றன. முறைப்பாடு ஒன்றுதான்: சூடாகிறது, சத்தம் போடுகிறது. அதைப் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கொட்டகலை, கெம்பஸ் மாணவர்: அண்ணா, கேமிங் லெப்டொப் வாங்கி ஒரு மாதம். கேம் போட்டு ஐந்து நிமிடத்தில் 95 டிகிரி காட்டுகிறது. சத்தத்தில் தங்கச்சி படிக்க முடியவில்லை என்கிறாள். பழுதான மெஷினைத் தந்துவிட்டார்களா?

பழுதில்லை தம்பி. இந்த வகை மெஷினில் ப்ரொசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் சேர்ந்து முழு வேகத்தில் ஓடினால் 150 வாட் வரை இழுக்கும். இழுத்த மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றரையை இரண்டு விரல் தடிப்புள்ள பெட்டிக்குள் அடைத்த மாதிரி. செப்புக் குழாய்கள் அந்தச் சூட்டை ஓரத்துக்குக் கொண்டுபோகின்றன. அங்கே மெல்லிய தகடுகளுக்கு நடுவே விசிறி காற்றைத் தள்ளுகிறது. விசிறி அலறினால் அது தன் வேலையைச் செய்கிறது என்றுதான் அர்த்தம். அதை அடக்க வேண்டுமானால் உள்ளே பிறக்கும் சூட்டைக் குறைக்க வேண்டும், அல்லது காற்றுக்கு வழிவிட வேண்டும்.

லெப்டொப் சிப்புகளின் உச்ச வரம்பு பெரும்பாலும் 95 முதல் 105 டிகிரிக்குள் இருக்கும். வரம்பைத் தொட்டதும் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே அந்த எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். அதே கேம் போன மாதம் நன்றாக ஓடி இந்த மாதம் திணறினால், அப்போது கொண்டு வாருங்கள்.

தங்கச்சிக்காக ஒன்று செய்யுங்கள். விண்டோஸ் பவர் ஒப்ஷனில் மெக்சிமம் ப்ரொசஸர் ஸ்டேட் என்பதை 100 இலிருந்து 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும், ஆனால் அதோடு டர்போ, அதாவது சிப் தானாகக் கூட்டிக்கொள்ளும் மேலதிக வேகம், நின்றுவிடும். கேமில் பெரும்பாலான பாரத்தைச் சுமப்பது கிராபிக்ஸ் சிப் என்பதால் பெரிதாக இழப்பு தெரியாது. ஒரு செக்கனுக்குக் காட்டும் ஃபிரேம் எண்ணிக்கையையும் 60க்கு மட்டுப்படுத்துங்கள். விசிறியின் வேகம் பாதியானால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபெல் இறங்கும். அது காதுக்கு நன்றாகவே தெரியும்.

நோர்வூட், வீடியோ எடிட்டர்: லயத்தில் இருக்கிறோம். என் காம்பராவுக்கு அடுத்தது குசினி, விறகு அடுப்பு. இரண்டு வருடமான லெப்டொப் இப்போது யூடியூப் பார்த்தாலே கத்துகிறது.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கொழும்பில் லெப்டொப்பைத் திறந்தால் உலர்ந்த தூசி இருக்கும், ஊதினால் பறந்துவிடும். நம் பக்கத்தில் அப்படியில்லை. விறகுப் புகையில் கரியோடு பிசினும் வருகிறது. தாளிக்கும் எண்ணெய் ஆவி அதில் சேர்கிறது. பிறகு மாதக்கணக்கில் மூடுபனி ஈரம். எல்லாம் சேர்ந்து தகடுகளின் உள்பக்கத்தில் கம்பளித் துண்டு ஒட்டிவைத்த மாதிரி ஒரு கறுப்புப் படலம் பிடித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். படலம் இருப்பது விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவில்.

அதை ஊதி எடுக்க முடியாது. ஊதினால் இன்னும் உள்ளே போய் இறுகும். பெட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, விசிறியை வெளியே எடுத்து, ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் நனைத்த மெல்லிய பிரஷால் தகட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். விறகு அடுப்பு வீட்டுக்கு இது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வேண்டும். மற்ற வீடுகளுக்கு வருடத்துக்கு ஒன்று போதும். சமையல் நேரத்தில் குசினிப் பக்கக் கதவை மூடி வையுங்கள். ரெண்டர் போடுவதை (எடிட் செய்த வீடியோவை முடித்தெடுக்கும் கனமான வேலையை) இரவு சமையல் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் கேட்க ஒன்று சொல்கிறேன். பெற்றோல் செட்டில் டயருக்குக் காற்றடிக்கும் குழாயால் லெப்டொப்பை ஊதாதீர்கள். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். விசிறி தாங்காத வேகத்தில் சுற்றி பெயரிங் போய்விடும். அப்படிப் போன விசிறிகள் என் மேசை லாச்சி நிறைய இருக்கின்றன.

மஸ்கெலியா, தேயிலை ஸ்டோரில் கிளார்க்: ஒபிஸ் தேயிலை சலிக்கும் அறைக்குப் பக்கத்தில். தேயிலைத் தூசி லெப்டொப்பைக் கெடுக்குமா?

கெடுக்கும். தூளைவிட அந்த மெல்லிய நார்தான் மோசம், தகட்டில் வலை பின்னிவிடும். ஆனால் அது உலர்ந்தது, பிரஷுக்கு இலகுவாக வரும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள்.

பதுளை: லெப்டொப்பின் அடியில் வைக்கிற, விசிறி பூட்டிய கூலிங் பேட் வாங்கினால் சூடு குறையுமா?

கொஞ்சம் குறையும். அதில் பாதிப் பயன் லெப்டொப்பின் அடியில் இடைவெளி கிடைப்பதால் வருவது. பின்பக்கத்தில் இரண்டு போத்தல் மூடி வைத்தாலும் அந்தப் பாதி கிடைக்கும். அதைச் செய்து பார்த்துவிட்டு, போதாவிட்டால் வாங்குங்கள்.

நுவரெலியா: எங்கள் ஊர்க் குளிரில் லெப்டொப் சூடாகவே கூடாதே? கொழும்பில் இருக்கும் மச்சானின் அதே மொடலும் அதே 95 டிகிரிதான் காட்டுகிறது.

நல்ல கேள்வி. இரண்டு காரணம். முதலாவது, மேலே சொன்னதுதான்: சிப் வரம்பு வரை ஏறும். உங்கள் குளிரால் கிடைக்கிற இடத்தில் அது தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. இரண்டாவது, உயரம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட இருபது சதவீதம் அளவு குறைவு. காற்று மெல்லியதாக இருப்பதால் விசிறி ஒரு சுற்றில் தள்ளும் காற்றின் நிறையும் குறைகிறது. குளிரில் கிடைக்கும் இலாபத்தை உயரம் முழுதாகத் தின்றுவிடுகிறது.

பேராதனை, பௌதிகவியல் மாணவி: அண்ணா, இதை ஏற்க மாட்டேன். குளிர்க்காற்று அடர்த்தி கூடியது. நுவரெலியாக் காற்று எப்படி மெல்லியதாகும்?

குளிர் அடர்த்தியைக் கூட்டும் என்பது சரி தங்கச்சி. ஆனால் எவ்வளவு? 28 டிகிரிக்கும் 16 டிகிரிக்கும் இடையில் நான்கு சதவீதம்தான். அழுத்தம் குறைப்பதோ இருபது. கழித்துப் பார்த்தால் கொழும்பு அடர்த்தியில் 83 சதவீதம் அளவுதான் நுவரெலியாவில்.

கண்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: அப்படியானால் மெல்லிய காற்றில் விசிறிச் சத்தமும் குறைய வேண்டுமே?

ஒரே வேகத்தில் சுற்றினால் கொஞ்சம் குறையும் சேர். ஆனால் விசிறியின் வேகத்தைத் தீர்மானிப்பது சிப்பின் சூடு. காற்று போதாவிட்டால் இன்னும் வேகமாகச் சுற்றச் சொல்லும். அதனால் சத்தம் கூடத்தான் செய்யும்.

பேராதனை மாணவி மறுபடியும்: விடுமுறைக்கு நுவரெலியா வீட்டுக்கு வந்தபோது என் லெப்டொப்பிலேயே அளந்தேன். ப்ரொசஸரை 45 வாட்டில் பூட்டி வைத்து, ஒரே வேலை, அரை மணித்தியாலம். பேராதனை அறை 26 டிகிரி, சிப் 84. நுவரெலியா அறை 15 டிகிரி, சிப் 77. ஏழு டிகிரி குறைந்திருக்கிறது. உயரம் "முழுதாகத் தின்றுவிடுகிறது" என்றது பிழை.

பிழைதான், திருத்திக்கொள்கிறேன். அறை 11 டிகிரி குளிர்ந்ததற்கு சிப் 7 டிகிரி குறைந்திருக்கிறது. உயரம் எடுத்துக்கொண்டது மிச்ச நான்கு. நான் விட்ட இடம் எது என்று யோசித்தேன். சிப்பிலிருந்து, அதன்மேல் பூசிய பேஸ்ட், செப்பு வழியாகத் தகடு வரை சூடு போகிற பாதை காற்றை நம்பி இல்லை. அங்கே உயரத்துக்கு வேலையே கிடையாது. காற்று எடுத்துச் செல்லும் கடைசிப் பகுதியில் மட்டும்தான் உயரம் தன் பங்கைக் கேட்கிறது. வாட்டைப் பூட்டி அளந்தது மிகவும் சரியான முறை. பூட்டாமல் ஓடவிட்டால் என்ன வந்தது?

அதே மாணவி: இரண்டு இடத்திலும் 95. ஆனால் பேராதனையில் 53 வாட், நுவரெலியாவில் 58.

நுவரெலியாத் தம்பி இதைப் பாருங்கள். சூட்டுக் கணக்கு ஒன்றாக இருந்தாலும் உங்கள் மெஷின் மச்சானுடையதைவிட அதிக வேலை செய்கிறது. இனி டிகிரியோடு வாட்டையும் சேர்த்துப் பாருங்கள், அப்போதுதான் உண்மை தெரியும். உயரம் மெஷினைக் கெடுக்குமோ என்றும் யோசிக்க வேண்டாம். கையேடுகளில் வழக்கமாக 3,000 மீற்றர் வரை இயக்கலாம் என்று போட்டிருப்பார்கள். நம் நாட்டின் மிக உயர்ந்த பீதுருதாலகாலயே 2,524தான்.

நாவலப்பிட்டி: எந்தக் கூலிங் பேட் நல்லது?

பதுளைக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

பண்டாரவளை: லிக்விட் மெட்டல் போட்டால் இருபது டிகிரி குறையும் என்று வீடியோவில் பார்த்தேன். நானே போடலாமா?

போட வேண்டாம். பேஸ்டுக்குப் பதிலாகச் சிப்பின்மேல் பூசும் அந்தத் திரவ உலோகத்தில் இருப்பது கேலியம் கலவை. அலுமினியத்தில் பட்டால் அரித்துத் தின்னும். மின்சாரம் கடத்தும், ஒரு துளி பக்கத்தில் சிந்தினால் மதர்போர்டே போய்விடும். பையில் போட்டு பஸ்ஸில் நம் வளைவுகளில் குலுங்குகிற மெஷினுக்கு அது வேண்டவே வேண்டாம். சாதாரண பேஸ்ட் சூடேறி ஆறி ஓரத்துக்கு ஒதுங்குவதுதான் உங்கள் பிரச்சினை என்றால் பேஸ்டுக்குப் பதிலாக வைக்கிற ஹனிவெல் பிடிஎம்7950 என்ற மெல்லிய தாளைக் கேளுங்கள். 45 டிகிரி அளவில் இளகிப் படிந்துகொள்ளும், சிந்தாது. போலி நிறைய வருகிறது, பார்த்து வாங்குங்கள்.

தலவாக்கலை: விசிறி நின்றிருக்கும்போதும் "கீ" என்று மெல்லிய சத்தம்.

அது போர்டில் உள்ள சுருள்கள் அதிர்வது. ஆபத்தில்லை. ஃபிரேமை மட்டுப்படுத்தினால் குறையும்.

பொகவந்தலாவை: ஃபோன் சூடாகிறது.

ஃபோன் என் வேலையில்லை. ஃபோன் கடையில் காட்டுங்கள்.

கினிகத்தேனை: கூலிங் பேட்டில் இரண்டு விசிறி நல்லதா ஐந்து நல்லதா?

மூன்றாவது தடவை கேட்கிறீர்கள். முதலில் போத்தல் மூடி. அதற்கு முன்னால் உள்ளே சுத்தம். அடைபட்ட தகட்டுக்கு ஐம்பது விசிறி வைத்தாலும் காற்று உள்ளே போகாது.

ஹாலி எல: பெற்றோல் செட்டில் மெதுவாக ஊதினால் பரவாயில்லையா?

வேண்டாம். மெதுவாகவும் வேண்டாம்.

ஹட்டன்: டச்பேட் கொஞ்சம் மேலே வீங்கின மாதிரி இருக்கிறது. சூட்டினாலா?

இதை வரிசையில் முதலில் போட்டிருக்க வேண்டும். பெட்டரி வீங்கியிருக்கிறது. இந்த நிமிடமே நிறுத்துங்கள். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள். கட்டிலில் வைக்காமல் சீமெந்துத் தரையில் வையுங்கள். இன்றே கொண்டு வாருங்கள், கடை மூடியிருந்தாலும் பின்கதவைத் தட்டுங்கள்.

டயகம, ஒரு அம்மா: மகள் ஏ.எல். படிக்கிறாள். குளிருக்குக் கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அதன்மேல் லெப்டொப்பை வைத்துப் படிக்கிறாள். சூடு நல்லாயிருக்கு என்கிறாள். பரவாயில்லையா தம்பி?

கூடாது அக்கா. காற்று உள்ளே போகும் ஓட்டைகள் அடியில்தான் இருக்கின்றன. கம்பளி அவற்றை மூடிவிடும், அதன் நாரும் உள்ளே போகும். மணித்தியாலக்கணக்கில் தொடைமேல் வைத்தால் தோலும் நிறம் மாறிக் கறுத்துப்போகலாம். மகள் கேட்கிற சூட்டுக்குச் சுடுதண்ணிப் போத்தல் ஒன்று கொடுங்கள். லெப்டொப்புக்கு ஒரு பலகை போதும். பழைய தேயிலைப் பெட்டிப் பலகை வீட்டில் கிடந்தால் அளவாக அறுத்து, ஓரத்தை உரசி, மடியில் வைக்கக் கொடுங்கள். பின்பக்கம் இரண்டு போத்தல் மூடி ஒட்டிவிடுங்கள்.