வாசகர் கேள்வி – பதில்: ராக் குழுவைப் படம் பிடிக்கிறவர்களுக்கு

கேள்வி: ஐயா, தோட்டத்துப் பையன்கள் நால்வர் ராக் குழு தொடங்கும் கதையை 40 நிமிட நகைச்சுவைப் படமாக எடுக்கிறோம். முதல் மேடையில் அவர்கள் படுமோசமாக வாசிக்க வேண்டும். பாட்டு இ மைனர், சி, ஜி, டி என்று நான்கு கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) சுற்றுகிறது. ஒத்திகையில் நால்வரும் கண்டபடி வாசித்தும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஏன்?
– இளைஞர் குழுவினர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: நால்வரும் ஒரே சமயத்தில் பிசகினால் அது வெறும் இரைச்சல். பக்கத்தில் சரியானது ஒலித்தால்தான் காது தப்பைப் பிடிக்கும். மூவர் ஒழுங்காக வாசிக்க, ஒருவர் மட்டும் பிசகட்டும். அது அவருக்கே தெரியக் கூடாது. முகத்தில் பெருமை வழிய வேண்டும்.

எந்தத் தப்பு என்பதிலும் கணக்கு உண்டு. பேஸ் கிட்டார் வாசிப்பவர் ஒரு கார்டு முந்திப் போகட்டும் என்றுதான் முதலில் தோன்றும். உங்கள் பாட்டில் அது எடுபடாது. இ மைனருக்கு அடியில் சி வாசித்தால் சி மேஜர் செவன் என்ற இனிமையான கார்டு கிடைக்கும். சி-க்கு அடியில் ஜி, ஜி-க்கு அடியில் டி இரண்டும் அந்தந்தக் கார்டிலேயே இருக்கும் ஸ்வரங்கள். யாருக்கும் உறுத்தாது. அதற்குப் பதில், ஜி வரும் இடத்தில் பேஸின் தடித்த கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை (கிட்டார் கழுத்திலுள்ள கட்டம்) விட்டு நான்காவதை அழுத்தச் சொல்லுங்கள். ஜி ஷார்ப் விழும். இசையே தெரியாத பாட்டிகூடத் திரும்பிப் பார்ப்பார். இரண்டு மூன்று விநாடி போதும், அதற்கு மேல் காது சலித்துவிடும்.

டிரம்ஸ்காரருக்கு வேகத் தப்புதான் பொருந்தும். நிமிடத்துக்கு 120 அடியில் தொடங்கி, 8 பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஒரு முறை 6 அடி கூட்டுங்கள். ஐந்தே படியில் 150-ஐத் தொட்டுவிடும். பாடகர் மூச்சு வாங்குவதற்கு வசனமே வேண்டாம். ஆனால் இந்த வேகத்தைக் கிளிக் டிராக்கிலேயே (தாளத்தை ‘டிக் டிக்’ என்று எண்ணித் தரும் ஒலிப்பதிவு) போட்டு, காதில் கேட்டபடி வாசிக்க வேண்டும். மனம்போன போக்கில் விரட்டினால் ஒவ்வொரு டேக்கும் ஒவ்வொரு வேகத்தில் இருக்கும், எடிட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. ராக் குழு ஒன்றைக் கேலி செய்து 1984-இல் வந்த ‘திஸ் இஸ் ஸ்பைனல் டேப்’ படத்தில் நடிகர்களே வாசித்துப் பாடினார்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்தவருக்குத்தான் தப்பை அளந்து வாசிக்க வரும். ஆகவே முதலில் பாட்டைச் சுத்தமாகப் பழகுங்கள்.

கேள்வி: திடலில் பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டு இரண்டு கைப்பேசியில் படம் பிடித்தோம். பாடகர் உதடும் டிரம்ஸ் குச்சியும் பாட்டோடு ஒட்டவில்லை. எங்கே கோளாறு?

பதில்: எப்படி விலகுகிறது என்று முதலில் பாருங்கள். தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக நழுவினால் கோளாறு கைப்பேசியில். பல கைப்பேசிகள் வெளிச்சத்தைப் பொறுத்து ஃபிரேம் எண்ணிக்கையைத் தாமே மாற்றிக்கொள்ளும். விநாடிக்கு 25 என்று பூட்டிவைக்கும் கேமரா செயலியைப் பயன்படுத்துங்கள். எடுத்து முடித்த காட்சிகளை ஹேண்ட்பிரேக் மென்பொருளில் நிலையான 25-க்கு மாற்றிய பிறகு எடிட்டில் போடுங்கள். பாட்டுக் கோப்பை 48,000 ஹெர்ட்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு விலகல் என்றால் காரணம் தூரம் அல்லது புளூடூத். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கர் திடலின் மறுகோடியில், 35 மீட்டர் தள்ளி இருந்தால் டிரம்ஸ்காரருக்குப் பத்தில் ஒரு விநாடி தாமதமாகக் கேட்கும். அது இரண்டரை ஃபிரேம், கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். ஸ்பீக்கரை அவருக்கு 3 மீட்டருக்குள் வையுங்கள், வயரில் இணையுங்கள். தூரத்திலிருந்து எடுத்த காட்சியைக் கைப்பேசி பிடித்த ஒலியை நம்பி ஒட்டாதீர்கள். அந்த ஒலியும் தாமதமாக வந்ததுதான். குச்சி ஸ்நேர் டிரம்மைத் தொடும் ஃபிரேமைக் கண்ணால் பார்த்து ஒட்டுங்கள்.

பாடகர் வாயை மட்டும் அசைக்காமல் முழுக் குரலில் பாட வேண்டும். கழுத்து நரம்பு புடைக்காவிட்டால் நடிப்பு என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: தோட்ட மண்டபத்தில் ஆம்ப்ளிஃபயர் ‘உம்ம்’ என்று இரைகிறது. பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் நிற்கும் என்கிறார்கள். கழற்றலாமா?

பதில்: கூடவே கூடாது. நம் மின்சாரம் 230 வோல்ட். ஆம்பில் கசிவு இருந்தால், கிட்டாரைப் பிடித்தபடி மைக்கில் உதடு வைக்கும் பையன் உடல் வழியாகத்தான் அது பாயும். உயிர் போகும். ஆம்ப், மிக்சர் எல்லாவற்றையும் ஒரே சுவர் பிளக்கிலிருந்து எடுங்கள், பெரும்பாலும் இரைச்சல் அடங்கும். 13 ஆம்பியர் பிளக் ஒன்று சுமார் 3,000 வாட்தான் தாங்கும், ஆகவே படப்பிடிப்பு விளக்குகளையும் தண்ணீர் கொதிக்கும் கெட்டிலையும் வேறு இணைப்பில் போடுங்கள். டியூப் லைட் பட்டை பட்டையாக ஓடினால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியில் நிறுத்துங்கள்.

தகரக் கூரையில் மழை விழுந்தால் வசனம் எதுவும் கேட்காது. வசனக் காட்சிகளைக் காலையிலேயே முடித்துவிட்டு, பாட்டுக் காட்சிகளைப் பிற்பகலுக்கு வையுங்கள்.

கேள்வி: கடைசிப் பாட்டில் கோயில் உறுமி மேளக்காரர்களும் குழுவோடு சேர்கிறார்கள். ஒலிப்பதிவில் எல்லாம் குழம்புகிறது.

பதில்: உறுமியின் முனகலும் பேஸ் கிட்டாரும் ஒரே அடித்தளத்துக்குப் போட்டி போடுகின்றன. உறுமி முனகும் பாரில் பேஸ் நிறுத்தட்டும், அது ஓய்ந்ததும் பேஸ் நுழையட்டும். உறுமிக்குத் தனி மைக், தேய்க்கும் முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி. ஈரக் காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், அதனால் ஒவ்வொரு டேக்குக்கும் முன் கயிற்றை இழுத்துச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.